ஒரே அப்பம், பல பந்திகள்
(தொலைக்காட்சி அரங்கத்தில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து மாதா ஆலயத்திற்குச் செல்லும் தமிழ்க் குடும்பத்தில், "பிள்ளைக்கு இந்த வருஷம் புது நன்மை" என்பார்கள். அங்கிருந்து தேக்கா பக்கமாகக் கால் மணி நேரம் நடந்தால் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இருக்கிறது. அங்கே அதே காரியத்திற்குப் பெயர் திருவிருந்து. ஃபேரர் பார்க் அருகே டார்செட் ரோட்டிலுள்ள கிறைஸ்ட் சர்ச்சுக்குப் போகும் ஆங்கிலிக்கன் தமிழர்கள் பரிசுத்த நற்கருணை என்பார்கள். பழைய லுத்தரன் குடும்பங்களில் அது இராப்போஜனம். பிரதரன் சபையாருக்கு அப்பம் பிட்குதல். கேரளத்திலிருந்து வந்த சிரியன் கிறிஸ்துவர்களுக்குக் குர்பானா.

இத்தனை பெயர்களும் குறிப்பது ஒன்றைத்தான். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்திய இரவு, இயேசு தம் சீடர்களோடு உண்ட கடைசி உணவு அது. அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் தம் உடல், தம் இரத்தம் என்று சொல்லிக் கொடுத்த அவர், தம்மை நினைவுகூர்ந்து அதைத் தொடர்ந்து செய்யும்படி கூறினார் என்பது நற்செய்தி நூல்கள் தரும் செய்தி. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்துவர்கள். இந்தியர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர். இவர்கள் எல்லாருக்கும் பொதுவான சடங்கு இது என்று நினைத்தால், பெரும்பாலும் சரி. ஆனால் இவர்கள் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார முடியுமா என்றால், முடியாது. ஏன் முடியாது என்பதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. அதில் ஒரு பெரும் பகுதி தமிழ் மண்ணிலேயே நடந்தது.

ஐரோப்பாவில் மூண்ட சண்டை

அப்பம் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலாக மாறுகிறதா, அல்லது அதற்கு அடையாளமாக நிற்கிறதா? கத்தோலிக்கத் திருச்சபை 1215ல் நடந்த நான்காம் இலாத்தரன் சங்கத்தில், அப்பத்தின் உள்பொருளே மாறுகிறது என்னும் கொள்கையை முறைப்படி அறிவித்தது. நிறமும் சுவையும் அப்படியே இருக்கும்; ஆனால் அது இனி அப்பமன்று என்பது அதன் சாரம். அதனால்தான் லூர்து மாதா ஆலயத்தில் திருப்பலி முடிந்தபின் மீதமுள்ள ஓஸ்தியை நற்கருணைப் பேழையில் பூட்டி வைக்கிறார்கள். அதன் அருகே விளக்கு அணையாமல் எரிகிறது. உள்ளே நுழைபவர் அந்தப் பேழையை நோக்கி முழங்காலிடுகிறார். (ஓஸ்தி என்ற சொல்லே போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது.)

மார்ட்டின் லூத்தர் ரோமை எதிர்த்துக் கிளம்பியபோதும் இந்த விஷயத்தில் வெகுதூரம் விலகிப் போகவில்லை. கிறிஸ்து அந்த அப்பத்தில் உண்மையாகவே இருக்கிறார் என்றே அவர் நம்பினார். சுவிட்சர்லாந்தின் ஸ்விங்லியோ அது நினைவுச் சின்னம் என்றார். இருவரையும் சமாதானப்படுத்த 1529ல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. தம் உடல் என்று இயேசு சொன்ன அந்த லத்தீன் வாக்கியத்தை லூத்தர் சாக்குக்கட்டியால் மேசையில் எழுதி வைத்துக்கொண்டு வாதாடினார் என்பர். பதினைந்து அம்சங்களில் பதினான்கில் உடன்பாடு கண்டவர்கள், இந்தக் கடைசி ஒன்றில் பிரிந்து போனார்கள். புராட்டஸ்டண்டு உலகம் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிளந்தது ஒரு சாப்பாட்டு மேசையில்தான்.

கிண்ணத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. பொதுமக்களுக்கு அப்பம் மட்டும் போதும், கிண்ணம் குருவுக்கு என்று 1415ல் கான்ஸ்டன்ஸ் சங்கம் முடிவு செய்தது. அதே சங்கம் அதே ஆண்டில் செக் நாட்டு ஜான் ஹஸ்ஸை எரித்துக் கொன்றது. அவரைப் பின்பற்றியவர்கள் "எங்களுக்கும் கிண்ணம் வேண்டும்" என்று போர் தொடுத்தார்கள். கிண்ணமே அவர்களுடைய சின்னமாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகே கத்தோலிக்கப் பொதுமக்களுக்குச் சில வேளைகளில் கிண்ணமும் கிடைக்கத் தொடங்கியது.

பந்தி என்றால் தமிழனுக்குத் தெரியும்

ஐரோப்பியர் 'அப்பம் என்னவாகிறது' என்று சண்டையிட்டனர். தமிழ்நாட்டில் சண்டை 'யாருக்குப் பக்கத்தில், யாருக்குப் பின்னால்' என்பதில் வந்தது. பந்தி என்ற சொல்லின் கனம் தமிழருக்குத் தெரியாததன்று. சமபந்தி போஜனம் ஓர் அரசியல் போராட்டமாகவே நடந்த நாடு அது.

1606ல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, மேல்சாதியார் தம்மை அணுக வேண்டும் என்பதற்காகத் துறவிக் கோலம் பூண்டு சைவ உணவு உண்டு தனியே வாழ்ந்தார். அவர் வழிவந்த சேசு சபையினர் பறையர் குடிகளுக்கெனத் தனிக் கோவில்களும் தனிக் குருக்களும் வைத்தார்கள். சாகக் கிடக்கும் பறையர் ஒருவருக்குக் கடைசி நன்மை கொடுக்கக் குரு அவர் குடிசைக்குள் நுழைவதா என்பது ரோமாபுரி வரை போன வழக்கு. திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704ல் வெளியிட்ட ஆணையில், நுழைந்தே ஆக வேண்டும் என்றார். சேசு சபையினர் மேல்முறையீடு செய்தனர். வழக்கு நாற்பது ஆண்டுகள் இழுத்தது. 1744ல் பதினான்காம் பெனடிக்ட் ஆணையை உறுதி செய்தார். பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை நியமிப்பது என்ற ஏற்பாட்டோடுதான் அது முடிந்தது. சாவுப் படுக்கையில் கிடந்தவர்களின் எண்ணிக்கையை எந்த ஆவணமும் சொல்லவில்லை.

புராட்டஸ்டண்டுகள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் தொடங்கிய லுத்தரன் மிஷனில், ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்கள் இருந்தன. திருவிருந்துக்கும் வேளாளர் முதலில், பறையர் பின்னர். 1733ல் ஆரோன் என்ற தமிழர் முதல் புராட்டஸ்டண்டு போதகராகக் குருப்பட்டம் பெற்றார். அவர் வேளாளர். அதே காலத்தில் தஞ்சை வட்டாரத்தில் அயராது உழைத்தவர் இராஜநாயக்கன் என்ற உபதேசியார். பறையர் குலத்தவர். அடுத்து ஒருவருக்குப் பட்டம் கொடுக்கும் பேச்சு வந்தபோது, அவர் பெயர் வந்தது. அவர் கையால் இராப்போஜனம் வாங்க மேல்சாதிக் கிறிஸ்துவர்கள் தயங்குவார்கள், அதனால் அந்தச் சடங்கின் மதிப்பே குறைந்துவிடும் என்று மிஷனரிகள் எழுதினார்கள். 1741ல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. இராஜநாயக்கன் கடைசி வரை உபதேசியாராகவே இருந்தார். இந்த மிஷனரிகளின் சமயத் தொண்டையும் தமிழ்த் தொண்டையும் போற்றும் நூல்கள் பல உண்டு. அவற்றில் இந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது.

நூறு ஆண்டுகள் கழித்து, 1833ல், கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனடியாக, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். திருவிருந்தில் தனிவரிசை கூடாது என்பது அதில் முக்கியம். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் நூற்றுக்கணக்கானோர் சபையை விட்டு வெளியேறினர். தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், சாதி என்பது உலக வழக்கு, அது சமயத்தைச் சேர்ந்ததன்று என்று ஏற்கெனவே எழுதி வாதாடி வந்தவர். ஐரோப்பியர் தம் நாட்டில் வேலைக்காரனோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறார்களா என்ற கேள்வி அன்றைக்குப் பலர் வாயில் இருந்தது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் அதனால் பயன்பட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1835ல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த வில்சன், ஆலயத்தில் வெவ்வேறு சாதியாரும் ஐரோப்பியரும் கலந்தே நற்கருணைக்கு வரச் செய்தார்.

1850ல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, சாதியை விட்டவரையே திருவிருந்துக்குச் சேர்க்க வேண்டும், விட்டதற்கு அடையாளமாகப் பிற சாதியாரோடு உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று தீர்மானித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் சம்மதிக்கவில்லை. ஆலயத்துக்குள் நுழைய ஒரு சாப்பாட்டுத் தேர்வு!

கத்தோலிக்கர் பக்கத்தில் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளம் கோவிலைச் சொன்னால் போதும். 1872ல் கட்டப்பட்ட அந்தக் கோவிலுக்கு இரண்டு நீண்ட கூடங்கள். ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். இரண்டும் கால்சட்டையின் இரு கால்களைப் போலப் பிரிந்து, ஒரே பலிபீடத்தில் வந்து சேர்ந்தன. ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே குருவிடம் ஒரே அப்பத்தை வாங்கிக்கொள்ளலாம். 1910ல் பாதிரியார் கௌசானல் இடைச்சுவரை இடித்தார். வேளாளர் தரப்பு நீதிமன்றம் ஏறியது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை.

கப்பலில் வந்த வேறுபாடுகள்

இந்தப் பின்னணியோடுதான் தமிழ்க் கிறிஸ்துவர்கள் சிங்கப்பூருக்கு வந்தார்கள். புதுச்சேரி, தஞ்சை வட்டாரத்திலிருந்து கத்தோலிக்கர், திருநெல்வேலியிலிருந்து ஆங்கிலிக்கன், யாழ்ப்பாணத்திலிருந்து படித்து அரசாங்க வேலைக்கு வந்த மெதடிஸ்டுகளும் அமெரிக்கன் மிஷன் சபையாரும். ஒவ்வொருவரும் தத்தம் பந்தியையும் கொண்டு வந்தனர்.

இங்கே பிரிவினைக்கு மொழி ஒரு காரணமாயிற்று. 1870ல் திறக்கப்பட்ட குவீன் ஸ்திரீட் புனித பேதுரு பவுல் ஆலயத்தைச் சீனரும் தமிழரும் சேர்ந்தே பயன்படுத்தினர். பிறகு தமிழர்களுக்கெனத் தனி ஆலயம் வேண்டும் என்று, 1886ல் அடிக்கல் நாட்டி 1888ல் திறக்கப்பட்டதே லூர்து மாதா ஆலயம். 2005ல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தமிழருக்கென்று கட்டிய கோவிலிலும் பூசை லத்தீனில்தான். குரு மக்களுக்கு முதுகு காட்டி லத்தீனில் செபிக்க, மக்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். 1963ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு வழிவிட்ட பிறகே நற்கருணை மன்றாட்டு தமிழில் காதில் விழுந்தது.

பழைய தலைமுறையினருக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். நன்மை வாங்குவதென்றால் முந்திய நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. 1953ல் பன்னிரண்டாம் பயஸ் தண்ணீருக்கு விலக்கு அளித்தார். 1957ல் விரதம் மூன்று மணி நேரமாயிற்று. 1964ல் ஒரு மணி நேரம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் புது நன்மை என்பதும் 1910ல் பத்தாம் பயஸ் கொண்டுவந்த மாற்றம். அதற்கு முன்பு பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதாக வேண்டும். சம்பிரதாயம் என்று பாட்டிமார் கண்டிப்போடு காத்தவற்றில் சில அவர்கள் வயதைவிடச் சின்னவை!

மெதடிஸ்ட் சபையின் கதை வேறு. 1885ல் இங்கு வந்து சபையைத் தொடங்கிய வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். அவர் சார்ந்தது அமெரிக்க மெதடிஸ்ட் சபை. மதுவுக்கு எதிராக முன்னணியில் நின்ற சபை. குடிகாரரைத் திருத்திச் சபைக்குக் கொண்டுவந்து, அங்கே அவருக்கு மதுவைக் கொடுப்பதா என்ற சங்கடம் அவர்களுக்கு இருந்தது. 1869ல் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் மருத்துவர், பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டரின் முறைப்படி திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாக்கும் வழி கண்டார். அவரும் மெதடிஸ்ட். திருவிருந்துக்காகச் செய்த அந்தச் சாறுதான் பின்னாளில் கடைகளில் விற்கும் வெல்ச் திராட்சை ஜூஸ். தமிழ்நாட்டுக் கிராமச் சபைகளில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சி வடிகட்டிய சாற்றையே பயன்படுத்துவது உண்டு. கத்தோலிக்கருக்கோ புளித்த திராட்சை மது இல்லாமல் திருப்பலி செல்லாது.

ஹில் ஸ்திரீட்டில் 1836ல் நேர்ந்தளிக்கப்பட்ட ஆர்மீனியர் ஆலயம் இந்நாட்டின் மிகப் பழைய கிறிஸ்துவ ஆலயம். ஆர்மீனியர் முறையில் புளியாத அப்பம், தண்ணீர் கலவாத மது. சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையில் புளித்த மாவு அப்பம். 1054ல் கிழக்கும் மேற்கும் பிரிந்தபோது மாவு புளிக்கலாமா என்பது கடும் சர்ச்சைகளுள் ஒன்றாக இருந்தது. இரட்சணிய சேனையார் 1935ல் சிங்கப்பூருக்கு வந்தார்கள். அவர்களுடைய பந்தியில் அப்பமும் இல்லை, ரசமும் இல்லை. உள்ளத்தில் நிகழ்வதற்கு வெளிச் சடங்கு எதற்கு என்று 1883லேயே அதை விட்டுவிட்டார்கள்.

யார் கையால்?

இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட கேள்வி, இன்னொரு வடிவத்தில் சிங்கப்பூரில் எழுந்தது. 1942 பிப்ரவரியில் தீவு ஜப்பானியர் வசமானது. ஆங்கிலிக்கன் முறையில் ஆயரிடம் பட்டம் பெற்ற குரு இல்லாவிட்டால் நற்கருணை கிடையாது. அன்றைய குருக்களில் பெரும்பாலோர் வெள்ளையர்; அவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆயர் லெனார்ட் வில்சன் (இவர் வேறு வில்சன்) ஏறத்தாழ ஓராண்டு வெளியே இருக்க முடிந்ததற்குக் காரணம் லெப்டினன்ட் ஒகாவா என்ற ஜப்பானிய அதிகாரி. ஒகாவாவும் ஆங்கிலிக்கன் கிறிஸ்துவரே.

அந்த இடைவெளியில் ஆயர் குருப்பட்டம் கொடுத்தவர்களில் ஒருவர் டி.டி. செல்லையா. புனித ஆண்ட்ரூ பள்ளி ஆசிரியர். நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கை பற்றி ஆராய்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற தமிழர். 1943 மார்ச்சில் ஆயரும் சாங்கிக்குக் கொண்டுபோகப்பட்டபோது, ஆங்கிலிக்கன் சபையின் பொறுப்பு செல்லையாவிடம் வந்தது. சபையை அவர் போர் முடியும் வரை நடத்தினார். இந்தியக் கைதிகள் மெட்ராஸ் சுண்ணாம்பு பூசிக் கட்டி, 1862ல் நேர்ந்தளிக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ பேராலயத்துச் சபைக்கு ஒரு தமிழர் பொறுப்பேற்கப் போர் ஒன்று தேவைப்பட்டது. பின்னாளில் அவர் தலைமைக் குரு ஆனார்.

இந்தச் சிக்கல் பிரதரன் சபைக்கு வந்திருக்காது. 1860களிலிருந்து இங்குள்ள அந்தச் சபையில் குருவே கிடையாது. ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தைச் சகோதரர்கள் தாமே பிட்டுப் பகிர்வார்கள். ஆனால் வெளியூரிலிருந்து வருபவர் தம் சபையின் சிபாரிசுக் கடிதம் கொண்டுவர வேண்டும். பந்தி எளிமையானது, வாசல் குறுகலானது.

சாங்கி முகாமில் அடைபட்டிருந்த பல சபைப் போதகர்கள் ஒன்றாகப் பேசியதன் பலன், 1948ல் டிரினிட்டி இறையியல் கல்லூரியும் மலாயா கிறிஸ்துவ மன்றமும் ஆயின. அதற்குச் சற்று முன், 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் எல்லாரும் ஒரே பந்தியில். 1919ல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 28 ஆண்டுகள் நீண்டதற்குப் பெரிய காரணம், ஆயர் கை வைக்காத போதகர் கொடுக்கும் திருவிருந்து செல்லுமா என்பதுதான். யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷன் சபையும் அதில் சேர்ந்தது. சிங்கப்பூரில் அப்படி ஓர் இணைப்பு ஏற்படவில்லை. ஊரில் ஒரே சபையாகிவிட்டவர்களின் பிள்ளைகள் இங்கே தனித்தனிச் சபைகளில் இருக்கிறார்கள்.

நோயும் கல்யாணமும்

கிண்ணத்தைப் பற்றிய பயம் புதிதன்று. கிருமிகளைப் பற்றிய அறிவு பரவிய 1890களில்தான் அமெரிக்கச் சபைகள் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் என்ற முறைக்கு வந்தன. 2003ல் சார்ஸ், 2020ல் கொவிட் இரண்டும் அந்தப் பயத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தன. 2020 பிப்ரவரி 15 முதல் கத்தோலிக்க ஆலயங்களில் பொதுத் திருப்பலி நிறுத்தப்பட்டது. ஜூலையில்தான், அதுவும் குறைந்த எண்ணிக்கையோடு, மீண்டும் தொடங்கியது. வீட்டுத் திரையில் திருப்பலி பார்த்த கத்தோலிக்கர் "ஆன்மிக நற்கருணை" மன்றாட்டைச் சொன்னார்கள். திரை வழியாக ஓஸ்தி வர வழியில்லை. சில சுயேச்சைச் சபைகளோ வீட்டிலேயே ரொட்டியும் ஜூஸும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி, போதகர் திரையில் செபிக்க, குடும்பத்தோடு உண்ணச் செய்தன. 1529ல் மார்பர்க்கில் தீராத வாதம், வீட்டு வரவேற்பறைக்குள் வந்துவிட்டது.

நோய் போய்விட்டது. கல்யாணம் வருடந்தோறும் வருகிறது. ஓஃபிர் ரோட்டுப் பெண்ணும் ஷார்ட் ஸ்ட்ரீட்டுப் பையனும் மணம் செய்துகொள்வது இன்று சாதாரணம். மெதடிஸ்ட் சபையின் பந்தி ஞானஸ்நானம் பெற்ற பிற சபையாருக்கும் திறந்தது. ஆனால் கத்தோலிக்கப் பெண் அங்கே வாங்குவதை அவளுடைய சபை ஏற்பதில்லை. கத்தோலிக்கத் திருப்பலியிலோ, சாவு ஆபத்து போன்ற சில நிலைமைகளைத் தவிர, பிற சபையாருக்கு நற்கருணை கிடையாது. அப்பத்தைப் பற்றிய நம்பிக்கையும், அதைக் கொடுப்பவரின் பட்டமும் ஒன்றாக இல்லாதபோது, ஒன்றாக இருப்பதைப் போலக் காட்டக் கூடாது என்பது அவர்கள் வாதம். ஒற்றுமை வந்த பிறகு விருந்தா, விருந்தால் ஒற்றுமையா என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். 1982ல் உலகத் திருச்சபை மன்றத்தின் பேராளர்கள் பெருவின் லீமா நகரில் கூடி, ஞானஸ்நானம், திருவிருந்து, ஊழியம் பற்றி வெளியிட்ட அறிக்கையில் கத்தோலிக்க இறையியலாளர்களும் பங்கு கொண்டார்கள். நம்பிக்கையில் நெருங்கி வந்திருக்கிறார்கள். மேசையில் இன்னும் இல்லை.

ஆகவே குருக்களும் குடும்பங்களும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கலப்புத் திருமணம் என்றால் பெரும்பாலும் திருப்பலி இல்லாமல், வாசகம், வாக்குறுதி, ஆசீர் என்று முடித்துவிடுவார்கள். அப்போது மணமகள் வீட்டார் எழுந்து போக, மணமகன் வீட்டார் உட்கார்ந்திருக்கும் நிலை வராது. ஞாயிறு திருப்பலியில் மனைவிக்குப் பின்னால் வரிசையில் வரும் கணவர், குருவின் முன் வந்ததும் இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொள்கிறார். குரு ஓஸ்தியைக் கொடுக்காமல் ஆசி மட்டும் கூறுகிறார்.